‘மயிரிழையில் தப்பியது’: விமானச் செய்திகளை எப்படிப் படிப்பது?

பெருங்குடியில் ஏதேனும் ஒரு மொட்டை மாடியில் மாலை வேளையில் நின்று வடக்கே நோக்குங்கள். மேற்கிலிருந்து காற்று வீசும் நாளாக இருந்தால், வங்கக் கடலின் மேலிருந்து விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கு நோக்கி இறங்கி வருவது தெரியும். மயிலாப்பூர், சைதாப்பேட்டைப் பக்கமாகத் தாழ்ந்து வந்து, கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்து, அவை மீனம்பாக்கத்தில் தரையைத் தொடுகின்றன. எப்போதாவது ஒருநாள், மறைந்த விமானம் சிறிது நேரத்தில் மீண்டும் மேலேறி வருவதையும் காணலாம். தரையைத் தொடும் முன்பே முயற்சியைக் கைவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுமுறை இறங்கும்.

மறுநாள் செய்தித்தாளில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ‘சென்னையில் பரபரப்பு’, ‘தரையிறங்க முடியாமல் வானில் வட்டமடித்த விமானம்’, ‘பயணிகள் அலறல்’, ‘மயிரிழையில் உயிர் தப்பினர்’, ‘விமானியின் சாமர்த்தியத்தால் பெரும் விபத்து தவிர்ப்பு’. ஆண்டுதோறும் விமானமும் ஊரும் மாறுகின்றன; இந்தச் சொற்கள் மாறுவதில்லை.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். தமிழ்வழியில் படிப்பவள், இயற்பியலில் ஆர்வம் மிக்கவள். பட்டம் பெற்றதும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பணிக்குத் தேர்வு எழுத வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். அவளுடைய தாயாரோ இத்தகைய செய்திகளைக் கத்தரித்து வைத்திருக்கிறார். “தினமும் இப்படி நடக்குதே சார், இந்த வேலைக்கா இவளை அனுப்புறது?” என்று என்னிடம் அவற்றை நீட்டினார். “அதை நேரடியா ரேடியோவில கேட்க முடியுமா சார்? கேட்டா உண்மை தெரிஞ்சிடுமில்ல?” என்றாள் மகள். இருவர் கேள்வியும் நியாயமானவையே. அவற்றுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

அளந்து பேசும் வானொலி

முதலில் மகளின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். விமானியும் கட்டுப்பாட்டாளரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில். நாம் பாட்டுக் கேட்கும் பண்பலை வானொலி 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதற்குச் சற்று மேலே விமானங்களின் இடம் தொடங்குகிறது. ஆனால் இங்குப் பயன்படுவது பண்பலை முறை அன்று. பழைய மத்திய அலை வானொலியைப் போன்ற வீச்சுப் பண்பேற்ற முறை.

இதற்குக் காரணம் உண்டு. பண்பலையில் ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் வலிமையான ஒலி மெலிந்த ஒலியை அடியோடு விழுங்கிவிடும். இன்னொருவர் பேசினார் என்பதே தெரியாமல் போகும். வீச்சுப் பண்பேற்றத்திலோ இரண்டும் மோதிக் ‘கீச்’ என்று ஒலிக்கும். சொற்கள் புரியாவிட்டாலும், இருவர் ஒருசேரப் பேசிவிட்டனர் என்பதாவது புலப்படும்.

ஒரே அலைவரிசையைப் பல விமானங்கள் பகிர்ந்துகொள்வதால் ஒருவர் பேசி முடித்த பின்னரே மற்றவர் பேச வேண்டும். கட்டுப்பாட்டாளர் ஓர் ஆணை தந்தால் ‘சரி’ என்று மட்டும் சொன்னால் போதாது. உயரம், திசை, ஓடுபாதை எண் ஆகியவற்றை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள்தான்.

இந்தச் சிக்கனத்தை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் டெனெரீஃப் நிலையத்தில், மூடுபனியில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டனர். ஒரு விமானி ‘மேலெழும் நிலையில் இருக்கிறோம்’ என்ற பொருளில் சொன்னதை, ‘புறப்படத் தயாராக நிற்கிறோம்’ என்று கோபுரம் புரிந்துகொண்டது. ‘காத்திருங்கள்’ என்று கோபுரம் சொன்ன அதே கணத்தில் மற்ற விமானமும் பேசியதால், கேட்க வேண்டியவர் காதில் கீச்சொலி கலந்து விழுந்தது. ‘டேக் ஆஃப்’ என்னும் சொல்லை, மேலெழ அனுமதி தரும்போதும் அதைத் திரும்பப் பெறும்போதும் அன்றி வேறெங்கும் பயன்படுத்தலாகாது என்ற கட்டுப்பாடு இவ்விபத்துக்குப் பின் உறுதியாயிற்று.

நம் நாட்டில் 1996 நவம்பர் 12 அன்று அரியானாவில் சர்க்கி தாத்ரி அருகே சவூதி நாட்டு விமானமும் கசகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் இறந்தனர். இறங்கி வந்த விமானத்துக்கு 15,000 அடி, ஏறிச் சென்றதற்கு 14,000 அடி என்று கட்டுப்பாட்டாளர் பிரித்தே தந்திருந்தார். எதிரே விமானம் வருவதையும் சொல்லியிருந்தார், மறுமொழியும் வந்தது. ஆனால் கசகஸ்தான் விமானம் தனக்குரிய 15,000 அடியில் நில்லாமல் கீழே இறங்கியதே காரணம் என்று நீதிபதி லகோத்தி தலைமையிலான விசாரணை கண்டது. சொல் சரியாக ஒலித்தும் செயல் தவறலாம் என்பது இதன் பாடம்.

சரி, இதை நாம் வீட்டிலிருந்து கேட்கலாமா? அமெரிக்காவில் கேட்கலாம். ஆர்வலர்கள் தம் வீட்டுக் கருவியில் வாங்கி இணையத்தில் பரப்பும் ஒலியை உலகமே கேட்கிறது. நம் நாட்டில் நிலைமை வேறு. 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் முதல் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வரை, உரிமையின்றி இத்தகைய கருவி வைத்திருப்பதும் பிறர்க்கான செய்தியை இடைமறித்துக் கேட்பதும் சட்டப்படி தவறு. ஆகவே மாணவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டா.

கேட்டுவிட்டால் மட்டும் உண்மை முழுவதும் தெரிந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டன் நகரில் பயணிகள் விமானமும் இராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தனர். வானொலிப் பதிவு சில மணி நேரத்திலேயே உலகெங்கும் ஒலிபரப்பாயிற்று. ‘விமானத்தின் பின்னால் செல்’ என்ற ஆணை அதில் இருக்கிறது. ஹெலிகாப்டர் ஏன் கேட்கவில்லை என்று பலரும் தீர்ப்பெழுதினர். இரண்டு வாரம் கழித்து அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒன்றைச் சொன்னது. அந்த ஆணையின் முக்கியமான சொற்கள் ஒலித்த கணத்தில் ஹெலிகாப்டரில் ஒலிவாங்கிப் பொத்தான் அழுத்தப்பட்டிருந்ததால், அவை உள்ளே கேட்காமலே போயிருக்கலாம் என்பதே அது. வீட்டில் இருந்தவர் காதில் விழுந்தது, கேட்க வேண்டியவர் காதில் விழவில்லை! ஒலிப்பதிவு ஒரு சான்று. அதுவே தீர்ப்பு அன்று.

சென்னையில் நடந்தது

வானொலி நமக்கு எட்டாதபோது செய்தித்தாள்தான் நம் காது. அந்தக் காது எப்படிக் கேட்கிறது என்று பார்ப்போம்.

2025 ஆகஸ்டு 10 அன்று திருவனந்தபுரத்திலிருந்து தில்லி சென்ற ஏர் இந்தியா 2455 விமானம், தொழில்நுட்பக் கோளாறு இருக்கலாம் என்ற ஐயத்தாலும் வழியிலிருந்த வானிலையாலும் சென்னைக்குத் திருப்பப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் அதில் இருந்தனர். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வானில் சுற்றிய பின் இறங்க முயன்று, முதல் முயற்சியைக் கைவிட்டு மேலேறி, இரண்டாம் முறை நலமாக இறங்கியது. ஓடுபாதையில் மற்றொரு விமானம் நின்றதாகவும், பெருந்துயரம் நேர இருந்ததாகவும் உறுப்பினர் கே.சி. வேணுகோபால் எழுதினார். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதால்தான் மேலேறினோம், ஓடுபாதையில் வேறு விமானம் இருந்ததால் அன்று என்று நிறுவனம் மறுத்தது.

பயணியின் அச்சத்தை நாம் குறை சொல்லலாகாது. சன்னல் வழியே தரை நெருங்கி வரும்போது திடீரென இயந்திரங்கள் உறும, இருக்கையோடு உடல் அழுந்த, விமானம் மேலே பாய்ந்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் செய்தியாளர் பயணி அல்லர். அவர் விசாரித்து எழுத வேண்டியவர். பல செய்திகள் ‘அவர் அப்படிச் சொன்னார், இவர் இப்படி மறுத்தார்’ என்பதோடு நின்றன.

கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எவை? இரண்டு மணி நேரம் சுற்றியது ஏன்? இந்த ஏ-320 வகை விமானங்களில் எரிபொருளை வானில் கொட்டிவிடும் அமைப்பு பொதுவாக இல்லை. தில்லி வரை போகும் எரிபொருளோடு புறப்பட்ட விமானம், இறங்குவதற்குரிய எடை வரும் வரை பறந்தே அதை எரிக்க வேண்டியிருக்கும். இந்த விளக்கம் இருந்திருந்தால் ‘இரண்டு மணி நேரத் திகில்’ ஒரு கணக்காகச் சுருங்கியிருக்கும். அடுத்து, மேலேறும் ஆணை எந்த உயரத்தில் வந்தது? ஓடுபாதையில் ஏதேனும் இருந்ததா? இருந்ததென்றால் அது கடுமையான குறைபாடு. அது எப்படி நேர்ந்தது என்று விசாரிக்கவே வேண்டும். ஆனால் அப்போதும் ஆபத்து ஓடுபாதையில் இருந்தது; மேலேறியதில் இல்லை. மேலேறியது அந்த ஆபத்துக்கு மருந்து. நம் செய்திகளோ நோயையும் மருந்தையும் ஒன்றாகக் கட்டி ‘திகில்’ என்று பெயரிட்டன.

2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் நெருங்கியபோதும் இதையே கண்டோம். சென்னையில் இறங்க வந்த இண்டிகோ விமானம் பக்கக்காற்றில் சாய்ந்து, ஓடுபாதைக்கு மிக அருகில் வந்து, இறங்காமல் மேலே ஏறிச் சென்றது. அந்த ஒளிப்படக் காட்சி நாடெங்கும் பரவியது. ‘நூலிழையில் தப்பியது’ என்றனர் சிலர். ‘விமானியின் வீரம்’ என்றனர் சிலர். அத்தகைய காற்றில் இறங்க முயன்றது தக்கதா என்பது கேட்க வேண்டிய கேள்வி. மேலேறியது தக்கதா என்பது கேள்வியே அன்று.

இப்படி இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலேறுவதற்கு வானொலியில் ‘கோ அரவுண்ட்’ என்று பெயர். தமிழில் ‘மறுசுற்று’ எனலாம். ஒவ்வொரு விமானியும் பயிற்சியில் பலமுறை செய்து பழகும் செயல் இது. முந்திய விமானம் ஓடுபாதையை விட்டு விலகத் தாமதித்தாலும், காற்று திடீரென மாறினாலும், வேகமோ உயரமோ அளவில் இல்லாவிட்டாலும் மறுசுற்றுத்தான் விதி. விமானியும் முடிவு செய்யலாம், கோபுரமும் ஆணையிடலாம். எரிபொருள் கணக்கிலேயே இதற்கென ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது.

மேலேறாதவர்கள்

மறுசுற்று செய்யாமல் இறங்கியவர்கள் கதையை இப்போது நோக்குவோம்.

2010 மே 22 அதிகாலை, துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக மேலே இருந்தபடி ஓடுபாதையை நெருங்கியது. துணை விமானி மூன்று முறை ‘மறுசுற்று’ என்று சொன்னார். விமானத்தின் எச்சரிக்கைக் கருவியும் ஓயாமல் குரல் கொடுத்தது. தலைமை விமானி இறங்குவதிலேயே முனைந்தார். சுமார் 8,000 அடி நீள ஓடுபாதையில் 5,200 அடி கடந்த பிறகே சக்கரங்கள் தரையைத் தொட்டன. அதன் பின் மீண்டும் மேலேற முயன்றார், காலம் கடந்திருந்தது. விமானம் பள்ளத்தாக்கில் விழுந்து 158 பேர் இறந்தனர். எட்டுப் பேர் பிழைத்தனர். இத்தனைக்கும் வானொலியில் எந்த அபாய அழைப்பும் ஒலிக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். அந்த அலைவரிசையை யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால், சாதாரணமான ஒரு தரையிறக்கம் என்றே எண்ணியிருப்பார்.

பத்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்டு 7 அன்று, கோழிக்கோட்டில் அதே கதை. மழையில், பின்காற்றோடு, ஓடுபாதையின் பாதித் தொலைவில் சக்கரம் பட்டது. துணை விமானி ‘மறுசுற்று’ என்று சொல்லியும் பயனில்லை. விமானம் மேட்டிலிருந்து சரிந்து உடைந்தது. 21 பேர் இறந்தனர். அந்த விமானி அதற்கு முன் ஒருமுறை மறுசுற்று செய்தவரே. மறுநாள் காலையில் அவருக்கு இன்னொரு விமானம் காத்திருந்தது என்பதையும், எப்படியும் ஊர் சேர்ந்தாக வேண்டும் என்ற அந்த நெருக்கடியையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

இவை இரண்டு ஊர்களில் நேர்ந்த தற்செயல்கள் அல்ல. விமானப் பாதுகாப்பு அறக்கட்டளை என்னும் உலக அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வியப்பான உண்மையைச் சொல்கிறது. வேகமோ உயரமோ அளவு தவறி, விதிப்படி கைவிட்டிருக்க வேண்டிய இறங்கு முயற்சிகள் நூறு என்றால், அவற்றில் மூன்றே முறைதான் விமானிகள் உண்மையில் மேலேறுகின்றனர். மற்ற தொண்ணூற்றேழு முறையும் இறங்கிவிடுகின்றனர். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதனாலேயே அது பழக்கமாகிறது.

ஆக, குறைபாடு மறுசுற்று அதிகமாக நடப்பதில் இல்லை. போதுமான அளவு நடக்காததில் இருக்கிறது. செய்தித்தாளோ அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டு ‘மயிரிழை’ என்கிறது. நலமாக இறங்கியதாகக் கருதப்படும் தொண்ணூற்றேழைப் பற்றி அதற்குத் தெரியாது. தலைப்பைப் பார்த்து விமானி தம் முடிவை மாற்றிக்கொள்வார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விமானியும் மனிதரே. தாமதம், எரிபொருள் செலவு, பயணிகளின் கோபம், கைப்பேசியில் எடுக்கும் காட்சி ஆகியவை அவர் மனத்தில் ஒரு பக்கம் நிற்கின்றன. மேலேறுவது தோல்வி என்ற எண்ணத்தை நாடே சேர்ந்து வளர்த்தால், அந்தப் பக்கத்தின் எடை கூடும். மறுசுற்று செய்தவரை ஏன் செய்தாய் என்று தண்டிக்கும் நோக்கில் கேட்கக் கூடாது என்பதைப் பல நிறுவனங்கள் விதியாகவே வைத்திருக்கின்றன. அந்த விதியைச் செய்தித்தாளும் வாசகரும் ஏற்க வேண்டும்.

மறுசுற்றில் ஆபத்தே இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. 2000 ஆகஸ்டு 23 அன்று பஹ்ரைனிலும், 2016 மார்ச் 19 அன்று ரஷ்யாவின் ரொஸ்டோவ் நகரிலும், இருளில் மேலேறும்போது விமானிகள் நிலை தடுமாறி விமானங்கள் விழுந்தன. முறையே 143 பேரும் 62 பேரும் இறந்தனர். திடீர் வேகம் உட்செவியை ஏமாற்றி, மூக்கு மிகையாக நிமிர்ந்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தரும். இதற்குப் பயிற்சியே தீர்வு. அறுவை மருத்துவத்திலும் ஆபத்து உண்டு. அதற்காகக் குடல்வால் வெடிக்கும் வரை யாரும் காத்திருப்பதில்லை அல்லவா?

விமானி வாயில் திணித்த வாக்கியம்

செய்திகளின் இன்னொரு குறை இதைவிடக் கொடியது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விமானம் விழுந்து, உள்ளே இருந்த 242 பேரில் 241 பேரும் தரையில் 19 பேரும் இறந்தனர். விமானி கடைசியாக, ‘மேடே… உந்துவிசை இல்லை, ஆற்றல் குறைகிறது, மேலேற முடியவில்லை’ என்ற பொருள்பட வானொலியில் சொன்னதாக நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் திரும்பத் திரும்பச் சொல்லின.

ஜூலை 12 அன்று வெளியான முதல்நிலை அறிக்கையில் அந்த வாக்கியம் இல்லை. ‘மேடே’ என்ற சொல் மூன்று முறை ஒலித்தது. கட்டுப்பாட்டாளர் அழைப்புக் குறியைக் கேட்டார். மறுமொழி வரவில்லை. விமானம் விழுவதைக் கண்டு அவர் மீட்புப் பணியை முடுக்கினார். அறிக்கை சொல்வது அவ்வளவே. தரையை விட்டு எழுந்த 26ஆம் வினாடியில் அந்த அழைப்பு. அடுத்த ஆறு வினாடிகளில் கறுப்புப் பெட்டியின் பதிவே நின்றுவிட்டது. விமானிகளுக்குக் கற்பிக்கும் முதல் பாடம், முதலில் விமானத்தைப் பறக்க வை, பிறகு வழியைப் பார், அதன் பிறகே பேசு என்பது. அந்த நிலையில் யாரும் நிருபருக்கு விளக்கம் தருவது போல் பேசமாட்டார் என்பதைச் சிறிது எண்ணினாலும் தெரியும்.

எரிபொருள் நிறுத்துவிசைகள் இரண்டும் ஒரு வினாடி இடைவெளியில் ‘நிறுத்தம்’ நிலைக்கு மாறின என்றும், ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்க, நான் செய்யவில்லை என்று மற்றவர் சொன்னார் என்றும் அதே அறிக்கை கூறியது. யார் கேட்டார், யார் சொன்னார் என்று அது கூறவில்லை. காரணம் இதுதான் என்றும் முடிவு கட்டவில்லை. ஆனால் மறுநாளே பல செய்திகள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டன. இறந்தவருக்கும் குடும்பம் உண்டு. சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, விசாரணையின் நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே அன்றிப் பழி சுமத்துவது அன்று என்று தெளிவாகச் சொல்கிறது. பழி வரும் என்று அஞ்சினால் நாளை எந்த விமானியும் கட்டுப்பாட்டாளரும் தம் தவற்றைத் தாமாகச் சொல்லமாட்டார். சொல்லப்படாத தவறு திருத்தப்படாத தவறு.

தலைப்பில் வராத ஆபத்து

நம் பெருங்குடிக்கே திரும்புவோம். பரபரப்புச் செய்திகளுக்கு இவ்வளவு இடம் இருக்கையில், நம் வாசலில் உள்ள ஒரு பாதுகாப்புப் பொருளுக்கு எத்தனை வரி கிடைக்கிறது?

1937ஆம் ஆண்டு வானூர்தி விதிகளில் 91ஆம் விதி, விமான நிலையத்தின் மையக் குறியிலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள், பறவைகளை ஈர்க்கக்கூடிய குப்பை கூளங்களைக் கொட்டலாகாது, விலங்குகளை வெட்டலாகாது என்று தடை செய்தது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு மீனம்பாக்கத்திலிருந்து நேர்க்கோட்டில் 10 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக மாநகரின் கழிவு அங்கே குவிந்தது. அண்மைக் காலமாக அதைத் தோண்டிப் பிரித்தகற்றும் பணி நடந்து வருகிறது. கிடங்கை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது. சதுப்பில் வாழும் பறவைகள்மீது தவறில்லை; அது அவற்றின் வீடு. அழுகும் உணவைக் குவித்துப் பருந்துகளையும் காகங்களையும் கூட்டுவது நம் செயல்.

பறவை இயந்திரத்துக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதை 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கண்டோம். வாத்துக் கூட்டம் மோதி இரு இயந்திரங்களும் ஆற்றல் இழக்க, விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தனர். எல்லா ஊரிலும் அப்படி ஓர் ஆறு வாய்க்காது. குப்பை மலை, பறவைகள், விமானப் பாதை ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்துக் கேள்வி கேட்பதில் அலறல் இல்லை. ஒளிப்படக் காட்சி இல்லை. ஆகவே அது முதற்பக்கத்துக்கு வருவதில்லை.

இனி நீங்கள் படிக்கும்போது

அடுத்த முறை விமானச் செய்தி ஒன்றைப் படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: இச்செய்தியில் ஆபத்து எது, அதைத் தடுத்த செயல் எது? இரண்டையும் செய்தி பிரித்துக் காட்டுகிறதா?

இரண்டு: மேற்கோள் குறிக்குள் உள்ள சொற்களைக் கேட்டவர் யார்? வானொலிப் பதிவா, அறிக்கையா, பெயரில்லாத ‘வட்டாரங்களா’?

மூன்று: உயரம், தொலைவு, நேரம் ஆகியவற்றில் ஓர் எண்ணாவது இருக்கிறதா? எண் இல்லாத ‘மயிரிழை’ அளவு அன்று, அலங்காரம்.

நான்கு: இது முதல் நாள் செய்தியா, முதல்நிலை அறிக்கையா, இறுதி அறிக்கையா? முதல் நாள் செய்திக்கு முதல் நாளுக்குரிய மதிப்பை மட்டுமே தாருங்கள்.

அந்தத் தாயாரின் கத்தரிப்புகளை இந்தக் கேள்விகளோடு நாங்கள் மூவரும் உட்கார்ந்து படித்தோம். பதினொரு செய்திகளில் ஏழு, மறுசுற்றையோ முன்னெச்சரிக்கையாகத் திரும்பி வந்ததையோ பற்றியவை. அதாவது, விதிப்படி வேலை நடந்ததைப் பற்றியவை. “அப்போ இதெல்லாம் வேலையை ஒழுங்கா செஞ்சதுக்கா இப்படி எழுதறாங்க?” என்றார் தாயார். ஆம், பெரும்பாலும் அப்படித்தான். எஞ்சிய நான்கில் உண்மையான குறைபாடுகள் இருந்தன. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. அவற்றைக் கண்டு திருத்தத்தான் அவளைப் போன்றவர்கள் அப்பணிக்குப் போக வேண்டும்.

மாணவிக்கு இன்னொரு கவலையும் இருந்தது: ஆங்கிலம். வானொலியின் ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலம் அன்று. ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று வரையறுத்த சில நூறு தொடர்களே அதன் முதுகெலும்பு. அதற்கு மேல் எதிர்பாராத நிலையைத் தெளிவாகச் சொல்லும் அளவுக்குப் பேச்சுமொழி வேண்டும். உலக அமைப்பு அதற்கு நான்காம் நிலை என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. தமிழ்வழியில் இயற்பியலும் கணக்கும் நன்கு கற்ற மாணவர் முயன்றால் எட்டக்கூடிய உயரமே அது. சொல்லை அளந்து பேசுவதும், கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பதும் எந்த மொழிவழியிலும் பழகிக்கொள்ளக்கூடிய பண்புகள். நம் செய்தி எழுதுவோரும் அவற்றைப் பழகிக்கொண்டால், மொட்டை மாடியில் நின்று பார்க்கும் நமக்கு, மேலேறிச் செல்லும் விமானம் எதற்காக மேலேறுகிறது என்பது அச்சமின்றி விளங்கும்.